உப்பு அளக்கப் போன வீடுகள்

கள ஆய்வு என்பது, அயலார் வீட்டுக் கதவு திறக்கும்வரை வெயிலில் நின்று, திறந்தபின் அவர்கள் நம்மைக் கேள்வி கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகும் நேரம் மிஞ்சினால் நாம் கேட்க வந்ததைக் கேட்கும் தொழில். படிவத்தை அட்டையில் செருகிக்கொண்டு, பேனாவின் மூடியை எங்கோ தொலைத்துவிட்டு, "யாரும்மா நீ?" என்ற குரலுக்குப் பதில் சொல்லிப் பழகிய கணக்கெடுப்பு ஆசிரியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் இதை மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நான் செங்கல்பட்டில் வசிப்பவள். சமூகவியலில் முதுகலை படித்தவள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறருடைய ஆய்வுகளுக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். இங்கே எழுதுவது ஒரே ஓர் ஆய்வைப் பற்றி. வட ஐரோப்பாவிலிருந்து லீனா என்னும் ஆய்வு மாணவி வந்திருந்தாள். மாமல்லபுரத்துக் கடலோரம் தொடங்கி உள்ளே படாளம் வரை முப்பது வீட்டுக் கிணறுகளைத் தேர்ந்து, கடலின் உப்பு அவற்றில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மாதம் ஒரு முறை அவள் அளக்க வேண்டும். ஜூலை முதல் ஜூன் வரை பன்னிரண்டு மாதம். ஒரு மாதம்கூட விடுபடக் கூடாது. விடுபட்டால் முனைவர் பட்டம் இல்லை. பன்னிரண்டாம் மாதத்தோடு அவளுடைய விசாவும் உதவித்தொகையும் முடிந்துவிடும். வழி காட்டவும் மொழிபெயர்க்கவும் படிவம் நிரப்பவும் நான். கார் ஓட்ட முருகேசன். அவளுக்கு அது அயல்நாடு, எனக்குச் சொந்த மாவட்டம் என்றுதான் நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிணறு பார்க்க வந்தவர்கள்

படாளத்தை அடுத்த ஊரில் முதல் வீடு ஏழுமலையினுடையது. நெல் விவசாயம், மூத்த மகன் லாரி வைத்திருக்கிறார். எங்களை உட்கார வைத்து, மோர் கொடுத்து, விசாரணையைத் தொடங்கினார். பெண்ணின் தகப்பனாருக்கு எவ்வளவு நிலம் என்றார். அவர் பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறார், நிலம் கிடையாது என்று மொழிபெயர்த்தேன். சற்று நேரம் இரக்கத்தோடு லீனாவைப் பார்த்தார். பிறகு திருமணம், உடன்பிறந்தவர்கள், அந்த ஊரில் அரிசி கிடைக்குமா, கிடைக்காவிட்டால் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று முக்கால் மணி நேரம் போயிற்று.

எங்கள் முறை வந்ததும் கிணற்றின் ஆழத்தைக் கேட்டேன். தெரியாது என்றார். வெட்டிய ஆண்டு? தெரியாது. கோடையில் எவ்வளவு வற்றும்? கவனித்ததில்லை என்றார். தினமும் மோட்டார் போடுகிற மனிதர். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் மீது ஏதாவது சந்தேகமா என்று நேராகவே கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. இந்தப் பக்கம் கெணத்த எட்டிப் பாத்தவன் எவனும் தண்ணியப் பாக்கல. அடுத்த வாரமே பிளாட்டு போட கல்லு நட்டுட்டான்."

மூன்று பக்க ஒப்புதல்

லீனாவின் பல்கலைக்கழகம் மூன்று பக்க ஒப்புதல் படிவம் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அதை வாய்விட்டு வாசித்து, புரிந்ததா என்று கேட்டு, கையெழுத்து வாங்க வேண்டும். முப்பது வீடுகளிலும் தண்ணீர் தர ஒருவரும் தயங்கவில்லை. கையெழுத்து என்றதும் வீடே எழுந்து உள்ளே போய்விடும்.

அதே ஊரில் பெட்டிக்கடை வைத்திருந்த பச்சையம்மாள் மட்டும் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். ஆய்வின் நோக்கம், ஆபத்துகள் இன்மை, தகவல் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். "தாங்கள் விரும்பினால், காரணம் எதுவும் கூறாமல், எந்த நேரத்திலும் இந்த ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்" என்ற வரி வந்ததும் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"நான் எங்கம்மா வெலகப் போறேன்? பொறந்ததுலர்ந்து இங்கதான் கீறேன். வெலகிப் போறவங்க நீங்கதான். நீங்க போடுங்க கையெழுத்து."

நாற்காலி

அவர் சொன்னதில் தவறு காண முடியாமல் லீனா கையெழுத்திட்டாள். அதைப் பார்த்தபின் பச்சையம்மாளும் போட்டார். அன்று முதல் எல்லா வீடுகளிலும் அந்த வரிசைதான்.

கடலோரத்தில் எங்களுக்கு ஒன்பது கிணறுகள், எல்லாம் ஒரே தெருவில். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் கடல். ஒரு தலைமுறைக்கு முன்பு மற்றவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பங்கள். இப்போது ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒருவர் நாவலூரில் ஏதோ அலுவலகத்தின் காவலாளி, பெண்களில் பலர் கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் அறை சுத்தம் செய்கிறார்கள். செல்வியும் அப்படித்தான். நாற்பது வயது, தெருவில் எதை முடிவு செய்வதானாலும் அவளைக் கேட்டுத்தான் செய்வார்கள். லீனா என்ற பெயரைக் கேட்டதும், எந்தச் சபை என்று விசாரித்தாள். எந்தச் சபைக்கும் போவதில்லை என்றதற்கு, ஊர் விட்டு ஊர் வந்தால் அப்படித்தான் விட்டுப்போகும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

உறைக்கிணறு ஒவ்வொரு வீட்டிலும் பின்பக்கம், குளியலறையை ஒட்டி. முதல் மாதம் நாங்களே போனோம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சோப்பு நீரிலும் மீன் செதிலிலும் கால் வைத்து, கொடியில் காய்ந்த துணிகளுக்குக் கீழே குனிந்து போனால், உள்ளே குளித்துக்கொண்டிருந்த யாரோ கூச்சலிட்டார். அந்த வீட்டுப் பெண்களுக்கும் வெட்கம், எங்களுக்கும் வெட்கம். ஆய்வாளர் தன் கையாலேயே நீரை இறைக்க வேண்டும் என்பது விதி. லீனா அதை எனக்கு இரண்டு முறை நினைவூட்டினாள். இவர்கள் பொய் சொல்கிறவர்கள் அல்லர், என் இருபது ஆண்டு அனுபவத்தை நீ நம்பலாம் என்றேன். அவள் நம்பினாள். இரண்டாம் மாதத்திலிருந்து நாங்கள் வாசலிலேயே, பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தோம். ஏற்பாடு செல்விக்கும் பிடித்திருந்தது.

"பின்னாடி எதுக்கு மேடம் சேத்துல? குந்து. பாட்டிலு தானா ரொம்பி வரும்."

சுவைக்கான கட்டம்

படிவத்தின் பதினோராவது கேள்வி நீரின் சுவை. வீட்டாரின் கருத்தைக் கேட்டு, நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். செப்டம்பர் மாதம் லீனாவுக்கு ஒரு நேர்மை வந்தது. தான் சுவைக்காத நீரின் சுவையைத் தான் எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டாள். அந்த மாதம் முதல் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் மூடியளவு நீரை ஊற்றி வாயில் வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். படாளத்துப் பக்கம் இதில் ஒரு சிரமமும் இல்லை. அங்கே எல்லோரும் தங்கள் கிணற்று நீரைத்தான் குடிக்கிறார்கள்.

செல்வியின் வீட்டு வாசலில் அதையே செய்தபோது தெருவே கூடி நின்றது. லீனா விழுங்கினாள். முகம் ஒரு கணம் சுருங்கிப் பிறகு சிரித்தது. அவள் தமிழைப் பாடப் புத்தகத்திலிருந்து கற்றவள். "சற்றே உவர்ப்பு, மிக்க நன்றி" என்றாள். நான் "மிகவும் உவர்ப்பு" என்ற கட்டத்தைக் குறித்துவிட்டு, அடுத்த வீட்டின் படிவத்தை எடுத்தேன். செல்வி என்னருகே குனிந்து ஏதோ சொன்னாள். வீட்டாரின் கருத்து என்ற அளவில் அதையும் ஓரத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன். அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

"இன்னா மேடம் இது, வாயில வெக்கற தண்ணியா இது? எங்க வூட்டு நாயே மோந்து பாத்துட்டு பூடும்."

கருவியும் நாக்கும்

எங்கள் கருவி ஒரு தடித்த பேனாவைப் போலிருக்கும். முனையை நீரில் அமிழ்த்தினால் ஓர் எண் காட்டும். எண் பெருகப் பெருக உப்பு அதிகம் என்று பொருள். ஓட்டுநர் முருகேசன் முன்பு நாவலூர் அலுவலகங்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கியவர், காத்திருப்பதில் தேர்ந்தவர். நாங்கள் வீட்டு வாசலில் இருக்கும் நேரத்தில் உபரியாக இருந்த இரண்டாவது கருவியை வைத்துக்கொண்டு அவர் தனியாக ஓர் ஆய்வு நடத்தினார். தேநீர்க் கடைத் தண்ணீர், பொத்தேரி மெஸ்ஸில் மாணவர்களுக்கு ஊற்றுகிற ரசம், மெக்கானிக் கடைக் குடம், தம் வீட்டுக் குடிநீர் கேன், மைத்துனர் வீட்டுக் கேன் என்று எதையும் விடவில்லை. கேன் தண்ணீர் எங்கே அளந்தாலும் நூறை ஒட்டியே நிற்கிறது, நல்ல கிணறுகூட ஐந்நூறுக்குக் கீழே வருவதில்லை என்று ஒரு நாள் எங்களுக்கு அறிக்கை கொடுத்தார்.

திருக்கழுக்குன்றம் சாலையில் இளநீர் வாங்கிக் குடித்தபோது அதிலும் முனையை அமிழ்த்தினார். எண் நாலாயிரத்தைத் தாண்டியது. குடிக்கத் தகுதியில்லாத தண்ணீர் என்று சத்தமாக அறிவித்தார். வெயிலில் காத்திருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் தயங்கினார்கள். இளநீரில் வேறு உப்புகள் இருக்கும், கருவி அவற்றைப் பிரித்தறியாது என்று லீனா விளக்க, நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். அரிவாளைக் கையில் வைத்திருந்த வியாபாரி அதற்குக் காத்திருக்கவில்லை.

"அண்ணாத்த, அந்த மிசினுக்கு நாக்கு கீதா? நாக்கு இல்லாததுக்கு எங்கிட்ட இன்னா பேச்சு?"

கடலின் தோல்வி

அக்டோபரில் கடலோரத்து ஒன்பது கிணறுகளிலும் எண் விழுந்தது. மூவாயிரத்துக்கு மேல் இருந்தவை நூற்றுச் சொச்சத்துக்கு வந்தன. மழை தொடங்கியிருந்ததால் எங்களுக்கு அது இயல்பாகவே பட்டது. நவம்பர், டிசம்பரிலும் அப்படியே. மழை நின்று ஜனவரி போய், பிப்ரவரியிலும் எண் ஏறவில்லை. முப்பது கிணறுகளிலும் கடலுக்கு மிக அருகிலிருந்தவையே மிக இனியவையாக இருந்தன.

லீனா தூங்குவதை நிறுத்திவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். மணலுக்கு அடியில் மழைநீர் தனியாகத் தேங்கி நின்று கடலைத் தள்ளி வைக்கிறது என்று ஒரு விளக்கத்தைக் கட்டினாள். படங்கள் வரைந்தாள். அவளுடைய நெறியாளர், இதுவே ஆய்வேட்டின் மையமாக இருக்கட்டும் என்று பாராட்டி எழுதினார். "அக்கா, கடல் தோல்வியுற்றது" என்று காரின் பின் இருக்கையிலிருந்து அவள் அறிவித்தபோது எனக்கும் பெருமையாக இருந்தது. பிப்ரவரித் தாளை அவள் கைதவறி முன் இருக்கைக்கு விட, முருகேசன் எடுத்துக் கொடுக்கப் போனவர், ஒன்பது வரிகளையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். கொடுக்காமல் இன்னொரு முறை பார்த்தார். பிறகு, லீனாவுக்குக் கேட்காதபடி என்னிடம் சொன்னார்.

"மேடம், இது கெணத்து நம்பரு இல்ல. கேன் நம்பரு."

உங்கள் தேதி

மார்ச் முதல் வாரம், லீனாவிடம் சொல்லாமல், காலைப் பேருந்தில் நான் மட்டும் செல்வியின் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு மதியம்தான் விடுதியில் வேலை. நாற்காலி போட்டாள். நான் உட்காராமல், பின்பக்கம் போகலாமா என்று கேட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. முன்னே நடந்தாள். நானே வாளியை விட்டு இறைத்தேன். கருவி மூவாயிரத்து நானூறு காட்டியது. அடுப்பருகே குழாய் வைத்த தொட்டியின் மேல் கவிழ்த்திருந்த கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து அளந்தேன். நூற்றுப் பதினெட்டு.

பாட்டிலில் எந்தத் தண்ணீரை ஊற்றினாய் என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டேன். லீனா வாசலில் நின்று விழுங்கினாளே, அதற்கு அடுத்த மாதத்திலிருந்து என்றாள். மற்ற எட்டு வீடுகள்? எல்லோரும்தான். நாங்கள் வரும் தேதியை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்வது என் ஒழுங்கு. அந்தத் தேதிக்கு முதல் நாள், தெருவில் யார் வீட்டில் கேன் நிறைந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார்களாம். இல்லாத வீட்டுக்கு இருக்கிற வீட்டிலிருந்து ஒரு சொம்பு போகும். ஐந்து மாதமாக ஒன்பது குடும்பங்கள், தாங்கள் விலைக்கு வாங்கிக் குடிக்கிற தண்ணீரை எங்கள் பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தன.

அது ஆய்வுக்கான தண்ணீர், அந்தப் பெண்ணின் படிப்பே அதில்தான் இருக்கிறது என்று முதல் மாதமே விளக்கினேனே என்றேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். செல்வி என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அதெல்லாம் சொன்ன மேடம், நான் இல்லைன்னல. ஆனா பொண்ணு மூஞ்சி சுருங்கிச்சே. எங்க வூட்டு வாசலுக்கு வந்த ஒருத்தி மூஞ்ச சுருக்கிகினு போறது எனக்கு வேணாம்."

நாற்பத்தைந்து எண்கள்

லீனா பொத்தேரியில் அறை எடுத்திருந்தாள். அன்று பிற்பகலே அங்கே போய், மாணவர்கள் கூச்சலிட்டுக்கொண்டிருந்த சிற்றுண்டிக் கடை ஒன்றில் அவளை உட்கார வைத்துச் சொன்னேன். அவளைத் தன் கையால் நீர் இறைக்க விடாமல் நாற்காலியில் உட்கார வைத்தது நான் என்பதையும், செல்வி என் காதருகே சொன்னதை எழுதிக்கொண்டேனே தவிர கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே தோசையை மிகச் சிறிய துண்டுகளாகப் பிய்த்தாள், ஒன்றையும் சாப்பிடவில்லை. பிறகு பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள். ஒன்பது கிணறு, ஐந்து மாதம், நாற்பத்தைந்து எண்கள். அளவுகோல் வைத்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். தாள் நகராமல் நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.

நெறியாளர் மறுநாள் பேசினார். படாளத்துப் பக்கத்து உட்பகுதிக் கிணறுகளின் வரிசை முறியவில்லை, அவை நிற்கும். ஆனால் கடலோரத்து ஒன்பதும் இல்லாமல் கடலின் உப்பைப் பற்றி ஆய்வேடு எழுத முடியாது. அவற்றை மட்டும் மார்ச்சிலிருந்து புதிதாகத் தொடங்கி, அடுத்த பிப்ரவரி வரை பன்னிரண்டு மாதம் முறியாமல் எடுத்தால் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். ஜூனுக்குப் பிறகு லீனா இங்கே தங்க வழியில்லை. எண்களை யார் எடுப்பது என்பதை அவர் எங்களிடமே விட்டுவிட்டார்.

தவறு எங்கே நேர்ந்தது என்று ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுத வேண்டும் என்றும் அவர் சொல்லியிருந்தார். என் பெயரை எழுதிவிடு, அதுதான் உண்மை என்றேன். அவள் தன் பாடப் புத்தகத் தமிழில் பதில் சொன்னாள்.

"அக்கா, நான் முகத்தைச் சுருக்கியிருக்கக் கூடாது."

இரண்டு டம்ளர்

மார்ச் மாத அளவெடுப்புக்கு லீனாவும் நானும் கடலோரத் தெருவுக்குப் போனபோது, பெண்கள் எங்கள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்கள். விஷயம் அதற்குள் தெருவெங்கும் பரவியிருந்தது. ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்துவிட்டோம் என்று சிலர் அழுதுமிருக்கிறார்கள். செல்வி அழுகிற வகையல்ல. ஜூனுக்குப் பிறகு யார் எடுப்பார்கள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அந்த மிசினை இங்கே கொடு என்றாள்.

எனக்குத் தயக்கம் இருந்தது, மறைக்கவில்லை. அவளுக்கு அது புரிந்தும் கோபம் வரவில்லை. விடுதியில் ஓர் அறையை முடித்தால் இருபதுக்கும் மேற்பட்ட கட்டங்களில் குறியிட வேண்டும், ஒன்று விட்டாலும் மேற்பார்வையாளர் திரும்ப அனுப்பிவிடுவார் என்று விளக்கினாள். எழுதினால் மட்டும் அவர் நம்ப மாட்டார், படமும் வேண்டும். அதனால் கிணறு, வாளி, கருவியின் எண் மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்று அவளே ஒரு விதி செய்தாள். லீனாவின் பல்கலைக்கழகம் கொடுத்தனுப்பிய வழிமுறையில் அப்படியொரு விதி இல்லை. ஏப்ரலும் மே மாதமும் லீனா பக்கத்தில் நிற்க, ஒன்பது வீடுகளிலும் செல்வியே எடுத்துக் காட்டினாள்.

ஜூன் கடைசியில் விடைபெறப் போனோம். லீனா செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராகப் பின்பக்கம் நடந்தாள். கொடித் துணிக்குக் கீழே குனிந்து, அன்றைய நீரைத் தானே இறைத்தாள். செல்வி இரண்டு டம்ளர்களோடு வந்தாள். ஒன்றில் கேன் தண்ணீர். மற்றதை லீனாவின் வாளியிலிருந்து நிரப்பினாள். கேன் தண்ணீரை அவள் கையில் கொடுத்து, மற்றதைக் கிணற்றுச் சுவரின் மேல் கருவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது பொண்ணுக்கு. அது மிசினுக்கு. மாத்திடாத."

பிப்ரவரி

ஜூலை முதல், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை முற்பகலில் என் கைபேசிக்கு ஒன்பது படங்கள் வரும். நான் சரிபார்த்து லீனாவுக்கு அனுப்புவேன். முதல் மாதம் ஒரு படத்தில் வாளியின் காது வெட்டுப்பட்டிருந்தது. நான் கேட்காமலே செல்வி திரும்ப எடுத்து அனுப்பினாள். முருகேசன் அந்தப் பக்கம் சவாரி போகும்போதெல்லாம், என்னிடம் சொல்லாமல், தம் பங்குக்கு ஒரு கிணற்றை அளந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வருகிறார் என்று பின்னால் தெரிந்தது. ஒரு முறைகூட வேறுபடவில்லையாம்.

டிசம்பரில்தான் வரிசை முறிந்துவிடும் போலிருந்தது. மழையில் தெரு மூழ்கி, மின்சாரம் இல்லை, செல்வியின் எண்ணுக்குத் தொடர்பு இல்லை. சனிக்கிழமை போயிற்று, அடுத்த சனிக்கிழமையும் போயிற்று. லீனா அங்கிருந்து தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே? எண்களைப் பற்றிக் கேட்கவே இல்லை. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது படங்கள் வந்தன. முழங்காலளவு நீரில் வாளியும், கருவியைப் பிடித்த கையும். எட்டாவது வீட்டுப் படத்தில் ஒரு தவளையும் இருந்தது. ஜனவரியில் நெறியாளர், பிப்ரவரி எண்கள் வந்துவிட்டால் ஆய்வேட்டை அவள் சமர்ப்பிக்கலாம் என்று எழுதியிருந்தார்.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை, படங்களோடு ஒரு குரல் செய்தியும் வந்தது. எண்களைப் பார்த்தேன், மழையில் சற்றே இறங்கியிருந்தவை மறுபடி மூவாயிரத்தைத் தாண்டியிருந்தன. செல்வி இதுவரை குரல் செய்தி அனுப்பியதில்லை. அதை இரண்டு முறை கேட்டுவிட்டு, மொழிபெயர்க்காமல் அப்படியே லீனாவுக்கு அனுப்பினேன்.

"மேடம், ஒம்பது வூடும் முடிஞ்சிது. அதே உப்புதான், ஒரு சொட்டு கொறையல. பொண்ணுகிட்ட சொல்லு, கவலப்பட வேணாம்னு."

பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்க எங்கள் படிவங்களில் நான்கு குறுக்குக் கேள்விகள் உண்டு, உபசரிக்கிறவர்களைக் கண்டுபிடிக்க ஒன்றுகூட இல்லை என்பதால், இப்போதெல்லாம் நாற்காலி போட்டாலும் உட்காராமல், செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராகப் பின்பக்கம் போய்விடுகிறேன்.